ஆர்கனுக்கு உடைத்த திருஷ்டிப் பூசணி

1

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரகடத்திலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் முதல் படம் மனிதர்களுடையது அல்ல, ஒரு கம்ப்ரஸருடையது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, காலடியில் எலுமிச்சம்பழம் என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். சுற்றி நிற்கிற எங்கள் பழைய மெயின்டனன்ஸ் ஆட்களைப் பார்த்தால் பெண் வீட்டார் மாதிரி இருக்கும். ஜெர்மனிக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டவன் நான்தான். பென்னலூர்க்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அதனால் பூஜையில் எனக்குப் பொரி கடலை டிபார்ட்மென்ட் மட்டும். பிளான்ட் கேட்டில் பூசணிக்காய் உடைப்பது குன்றத்தூர் சேகர்.

இந்த வருஷம் அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வியர்த்தும் விட்டது. நான் குடியிருக்கும் இந்தச் சிறிய ஊரின் சர்ச்சில் ஒரு பழைய பைப் ஆர்கன் இருக்கிறது. அதை வாசிக்கப் பழகியவள் என் மகள் ஷெரின். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூசணிக்காய் வந்து உருண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2

நாங்கள் இங்கே வந்த முதல் ஞாயிறு. பென்னலூர் சர்ச்சில் பாட்டு என்றால் கீபோர்டு. அதில் ஒரு பட்டனைத் தட்டினால் தபலா தானாக வாசிக்கும். கரன்ட் போனால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுப்போம். அதே நினைப்பில் இங்கே உள்ளே போய் உட்கார்ந்து, கீபோர்டு எங்கே என்று முன்னால் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னாலிருந்து, மேலேயிருந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து என்று நாலாபக்கமும் சத்தம் வந்தது. என் மனைவி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது நாலு வயதாயிருந்த ஷெரின் மட்டும் திரும்பி நின்று வாய் பிளந்து மேலே பார்த்தாள்.

எனக்கு வேறு சத்தம் கேட்டது. பாட்டு நின்ற பிறகும் மேலே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு காற்று. ஏர் லைனில் லீக்! எட்டு மணிநேர ஷிஃப்டில் அந்தச் சத்தத்தைத் தேடியே காது பழகியவன், சும்மா எப்படி இருப்பது? ஆராதனை முடிந்ததும் சர்ச் சாவியோடு நின்ற ஒரு உயரமான அம்மாவிடம் போனேன். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன், காலை வணக்கமும் நன்றியும். வணக்கம் சொல்லி, மேலே கை காட்டி, 'ஸ்ஸ்ஸ்' என்றேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, மிகுந்த கனிவோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய் டாய்லெட்டைக் காட்டினார். நானும் மரியாதைக்கு உள்ளே போய்விட்டு வந்தேன்.

அந்த அம்மாதான் ஹில்டா. சபைக் கமிட்டியின் தலைவி, சர்ச் சாவியும் அவரிடம்தான். ஊரிலேயே பெரிய பூசணிக்காய் விளைவது அவர் தோட்டத்தில். அடுத்த வாரம் நான் சொல்ல வந்ததை ஸ்டெல்லா மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னை மாடிக்கு ஏற்றி, அதே மொபைல் வழியாக, "அது மூச்சு விடுகிறது. சத்தம் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்" என்றார். எனக்கு அசடு வழிந்தது. ஆனால் ஆர்கனின் வயிற்றுக்குள் முதல் தடவையாகத் தலையை நீட்டியது அன்றைக்குத்தான். அதன் பிறகு தலையை வெளியே எடுக்கவே இல்லை.

3

ஆர்கன் என்பது, நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பெரிய துருத்தியும் நிறைய புல்லாங்குழல்களும். துருத்தி காற்றைச் சேர்த்து வைக்கும். கட்டையை அழுத்தினால் எங்கேயோ ஒரு சின்ன மரக்கதவு திறந்து, ஒரு குழாய்க்குக் காற்றுப் போகும். சில குழாய் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, சில குழாய் மரம். பெரியது என்னைவிட உயரம், சின்னது பென்சில் அளவு. நான் பார்த்த, காற்றில் இயங்கும் நியூமாட்டிக் லைன் எல்லாவற்றிலும் வயதான லைன் இதுதான். ஆனால் பொருள் தயாராகி வெளியே வருவதில்லை, பாட்டு வருகிறது.

அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாது. துருத்தியைக் காலால் மிதிக்க ஆள் இருந்தார்கள். மேலே ஒருவர் வாசித்துப் பேர் வாங்குவார், பின்னால் ஒருவர் மிதித்து மூச்சு வாங்குவார். பொழுது போகாமல் அவர்கள் பலகையில் கத்தியால் கீறிய பெயர்களும் பீர் கோப்பைப் படமும் இன்னும் இருக்கின்றன. முதல் உலகப் போரில் அரசாங்கம் வந்து முன்வரிசை வெள்ளீயக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். பிறகு துத்தநாகத்தில் செய்து மாட்டியிருக்கிறார்கள். முன்பல் கட்டிய தாத்தா மாதிரி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பராமரிப்பு என்றால் எதிரிகள் மூன்று பேர்: எலி, ஹீட்டர், அரசு அலுவலகம். எலி துருத்தியின் தோலைத் தின்னும். ஹீட்டர் மரத்தை வெடிக்க வைக்கும். அலுவலகம் எதையும் செய்யாது, நம்மையும் செய்ய விடாது. கட்டடம் பாரம்பரியச் சின்னம் என்பதால் ஒரு ஆணி மாற்றவும் அனுமதி வேண்டும். மோட்டார் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கேட்டோம். தாழ்ப்பாள் என்ன நிறம் என்று பதில் கேள்வி வந்தது. பழுப்பு என்றோம். எந்தப் பழுப்பு என்றார்கள். ஊரில் லைன் நின்றால் சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து நின்று கத்துவார், அதுவரை நாம் பெல்ட்டை மாற்றியிருப்போம். இங்கே யாரும் கத்துவதே இல்லை, அதுதான் கஷ்டம்.

இந்நிலையில் போன வருஷம் துருத்தியின் தோல் கிழிந்தது. இந்தத் தடவை லீக் நிஜம், ஆனால் கண்டுபிடித்தது நானல்ல, வருஷா வருஷம் சுதி சேர்க்க வரும் ஆர்கன் மெக்கானிக் கிர்ஸ்டன். "வாசிக்க வேண்டாம், மூடுங்கள்" என்று சொல்லிவிட்டாள். கமிட்டியில் பாதிப் பேர் எலக்ட்ரானிக் கருவியும் ஸ்பீக்கரும் போதும் என்றார்கள். ஹில்டா இரண்டு பக்கமும் சாயவில்லை. "ரிப்பேர் செய்யுங்கள். அறுப்பின் பண்டிகை அன்று வாசித்துப் பார்ப்போம். சபை கேட்கட்டும், பிறகு பேசலாம்" என்றார். அன்றைக்கு வாசிக்க அவர் சொன்ன பெயர் ஷெரின்.

4

ஷெரினுக்கு இப்போது பதினாறு. நாலு வயதில் வாய் பிளந்து பார்த்ததை அவள் மறக்கவில்லை, பத்து வயதிலிருந்து படிக்கிறாள். கையாலும் காலாலும் ஒரே நேரத்தில் வாசிப்பதைப் பார்த்தால் தையல் மெஷினும் டைப்ரைட்டரும் ஒன்றாக ஓட்டுவது போலிருக்கும். வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். தமிழில் பேசினாலும் கூகுள் மேப் வழி சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வரும். போன வருஷம் முதல் அதுவும் குறைந்து, கதவுதான் பேசுகிறது. திறக்கும், சாத்தும்.

தப்பு அவள் பக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய பள்ளிக் கச்சேரியில் வாசிப்பு நடுவில் நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்று விசில் அடித்தவன் நான். அது முடியவில்லை, மூச்சு வாங்கியிருக்கிறார்கள். மியூசிக் டீச்சருக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டுக் காட்டச் சொன்னவனும் நான். ஷெரினுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

விளைச்சலைக் கொண்டுவந்து நன்றி சொல்லும் அந்தப் பண்டிகைக்கு முந்தின வாரம் அவள் என் முன்னால் வந்து நின்றாள். எழுதி மனப்பாடம் செய்த மாதிரி, தமிழில்தான் சொன்னாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம நீ ஒண்ணும் பண்ணாத. ப்ளீஸ். விசில் வேணாம், சாப்பாடு வேணாம், வீடியோ வேணாம். இன்னொரு தடவ எல்லார் முன்னாடியும் என்ன அசிங்கப்படுத்தினா, நான் இனிமே இந்த சர்ச்ல வாசிக்க மாட்டேன். பெரிய டவுன்ல டீச்சர் கூப்புடுறாங்க, அங்க போயிடுவேன்."

"நான் இன்னாமா பண்ணப்போறேன்? கம்முனு கெடக்குறேன்" என்றேன்.

உள்ளுக்குள் பயம்தான். அவள் இந்த சர்ச்சில் வாசிக்கும் வரைக்கும் எனக்கு அவளோடு ஒரு வேலை உண்டு. கிர்ஸ்டன் வராத நாட்களில் சின்னச் சுதிப் பிசகு வந்தால், நான் உள்ளே குழாய்களுக்கு நடுவில் நிற்பேன், அவள் வெளியே கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் "அடுத்தது" என்றால் அடுத்த கட்டை, அவள் சொன்னால் அடுத்த குழாய். அதைத் தமிழிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சண்டையும் இல்லாமல், சாயங்காலம் முழுக்க ஓடும். அந்தக் குரலும் போய்விட்டால் எனக்கு வீட்டில் கதவுச் சத்தம்தான் மிச்சம்.

5

இந்த நேரத்தில்தான் சேகர் வந்து சேர்ந்தான். எங்கள் பிளான்ட்டிலிருந்து இங்கே நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஆறு மாத டெபுடேஷன். சூட்கேஸில் பாதி ஊறுகாய், மீதி குன்றத்தூர் முருகன் கோயில் விபூதியும் குங்குமமும். ஊரைச் சுற்றிக் காட்டினேன். இங்கே இலையுதிர் காலத்தில் தோட்டக்காரர்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு, பூசணிக்காயை அடுக்கி, ஒரு உண்டியலை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். காசைப் போட்டுவிட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டியது. சேகரால் நம்ப முடியவில்லை.

"இன்னாண்ணா இது, ஆளே இல்ல! நம்மூர்ல வெச்சா மேஜையும் சேத்து தூக்கினு பூடுவானுங்களே!"

சனிக்கிழமை கடைசி வேலை. கிர்ஸ்டன் புது ஆட்டுத்தோல் ஒட்டிய துருத்தியை ஏற்றி மாட்ட வேண்டும், கனமான சமாச்சாரம். சேகர் ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம். மோட்டாரைப் போட்டதும் துருத்தி மெதுவாக எழும்பியது, தூங்கி எழுந்த ஆள் நெஞ்சு நிமிர்த்துகிற மாதிரி. கிர்ஸ்டன் ஓரமெல்லாம் இறகைப் பிடித்துப் பார்த்தாள். இறகு அசையவில்லை, கசிவு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சேகர் என் காதோரம் வந்தான். "அண்ணே, மெஷின் இம்மாம் பெரிய ஓவர்ஹால் ஆயி ஸ்டார்ட் ஆவுது. ஒரு பூசணிக்கா கூட ஒடைக்காம எப்டிண்ணா?"

"டேய், இது சர்ச்சுடா. அதெல்லாம் வேணாம்."

"உள்ள இல்லண்ணா, கேட்டாண்ட."

"வேணாம்னா வேணாம். எம்பொண்ணு என்ன கொன்னுடுவா."

"சரி, உடு" என்றான். நானும் விட்டேன். சேகர் 'சரி, உடு' என்றால் என்ன அர்த்தம் என்பது அவனோடு அத்தனை வருஷம் வேலை செய்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவன் முன்னால் போனான். நானும் கிர்ஸ்டனும் விளக்கை அணைத்துவிட்டு, மாடியிலிருந்து நேராகப் பின்பக்கம் இறங்கும் படி வழியாகப் போய்விட்டோம்.

6

ஞாயிறு காலை நாங்கள் போனபோது சர்ச் வாசலில் கூட்டம். படிக்கட்டு முழுக்கப் பூசணிக்காய்ச் சிதறல். நடுவில் குங்குமம் ரத்தம் மாதிரி வழிந்து, அதற்குள் சில்லறைக் காசு மின்னியது. ஒருவர் போலீஸுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹில்டா ஒரு பெரிய பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அது அவருடைய பூசணிக்காய். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அடியில் வைக்கோல் போட்டு, பீடத்தின் முன்னால் காணிக்கையாக வைக்க வளர்த்தது. அலங்காரம் ஞாயிறு காலையில்தான் என்பதால், சபையார் கொண்டுவந்த காய்கறிகளோடு அதையும் பக்கக் கதவுக்கருகில் மேஜையில் வைத்திருந்தார். மேஜைக்குப் பக்கத்திலேயே சர்ச் காணிக்கைப் பெட்டி. மேஜை, பூசணி, பெட்டி. சேகருக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே பொருந்திவிட்டது. பெட்டியில் காசும் போட்டிருக்கிறான், பாவி.

ஷெரின் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. யார் நம்புவார்கள்? சிதறலைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் மொபைலோடு சேகர் வந்தான். "இன்னாண்ணா, இம்மாம் பேர் பாக்குறாங்க! ஒரே போடு, சூப்பரா ஒடஞ்சிச்சு. வெள்ளப் பூசணி கெடைக்கல, அட்ஜஸ்ட் பண்ணிக்கினேன்" என்றான்.

"வாய மூடுடா" என்று சொல்லிவிட்டு ஹில்டாவிடம் போனேன். இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட ஜெர்மன் அத்தனையும் என்னை விட்டு ஓடிவிட்டது. "மெஷின்... கண்... கெட்ட கண்... அதனால் பூசணி..." என்றேன். கெட்ட கண் என்றதும் ஒருவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஹில்டாவின் முகம் இன்னும் இறுகியது.

மாடிப் படியில் காலடிச் சத்தம். ஆர்கன் வாசிக்கும் மெல்லிய செருப்போடு ஷெரின் இறங்கி வந்திருந்தாள். எனக்கும் ஹில்டாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் ஜெர்மனில் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

"இது யாரும் வேண்டுமென்று செய்த கேடு இல்லை. அப்பா வேலை செய்த இடத்தில், மெஷின் ஓடத் தொடங்கும்போது வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். யாருக்கோ வரவேண்டிய அடி அந்தக் காய்க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே பிரஸ் மெஷினில் விரல் போனவர்கள் உண்டு. எனக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா என்னைத் தோளில் வைத்து அதைக் காட்டினார். எனக்கு நினைவிருக்கிறது. தினமும் அப்பா பத்து விரலோடு வீட்டுக்கு வருவதற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்ததும் அவர் விரலை எண்ணிப் பார்ப்பேன்."

பிறகு சேகரைக் காட்டி, "இவர் கேட்காமல் எடுத்தது தப்பு. ஆனால் என் பத்து விரலுக்காக உடைத்திருக்கிறார்" என்றாள்.

எண்ணிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்து இழுப்பாள். ஏதோ மிட்டாய் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது. விசில் அடிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள், அழக் கூடாது என்று சொல்லவில்லை.

ஹில்டா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "இது பலிக்கிறதா என்று பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

7

நான் கம்மென்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு, தேன். இரண்டாவது பாட்டு முடிந்தது, ஒரு சுரம் மட்டும் முடியவில்லை. 'ஊ...' என்று அது தனியாக நின்று ஊதியது. மரக்கதவு மூடாமல் சிக்கிக்கொண்டால் இப்படி வரும், இங்கே அதற்கு ஊளை என்றே பெயர். போதகர் ஜெபிக்க எழுந்து நின்றார். ஊளை நிற்கவில்லை. கமிட்டியின் ஸ்பீக்கர் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாடியிலிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது, தமிழில். "அப்பா! மேல வா! சீக்கிரம்!"

ஓடினேன். ஆர்கனின் பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். அவள் ஒவ்வொரு குழாய் வரிசையாக அடைத்துப் பார்த்துச் சொன்னாள்: "மரக் கொழாய்! பின்னாடி வரிச! அதுக்கு அடுத்தது... இல்லப்பா, அடுத்தது!" ஊதிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்துத் தூக்கினேன். சத்தம் நின்றது. கீழே போதகர் ஆமென் சொன்னார்.

குழாயைக் கீழே வைக்க உள்ளே இடமில்லை. மிச்ச ஆராதனை முழுக்க அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இருட்டில் நின்றேன். என்னைச் சுற்றி அவள் வாசித்த ஒவ்வொரு சுரமும் என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. பென்னலூர் சர்ச்சில் பாடும் ஒரு பழைய ஞானப்பாட்டின் மெட்டு கடைசியில் வந்தது. இங்கேயிருந்து அங்கே போன மெட்டுதான் என்று பிறகு சொன்னாள். எனக்கு அது எங்கிருந்து போனால் என்ன, நான் உள்ளே நின்று முழுப் பாட்டையும் சத்தமாகத் தமிழில் பாடினேன். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

ஆராதனை முடிந்ததும் ஹில்டா மாடிக்கே வந்தார். ஆர்கன் இருக்கட்டும் என்று கமிட்டியில் சொல்லப்போவதாக ஷெரினிடம் சொன்னார். பிறகு, பின்னாலேயே ஏறி வந்த சேகரைப் பார்த்து, "ஆனால் உங்கள் பூசணிக்காய் பலிக்கவில்லை. ஊளையிட்டதே" என்றார்.

ஷெரின் மொழிபெயர்த்தாள். சேகர் கொஞ்சமும் அசரவில்லை.

"இன்னாம்மா சொல்றாங்க அவங்க? பூசணிக்கா ஒடைக்கலன்னா மொத்த மெஷினும் பூட்ருக்கும். தலைக்கி வந்தது தலைப்பாகையோட போச்சு, ஒரே ஒரு பைப்போட வுட்டுச்சேன்னு சொல்லு!"

தலைப்பாகைக்கு ஜெர்மனில் என்ன சொன்னாளோ, ஹில்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாய்லெட் கதை கேட்ட நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அடுத்த வருஷம் இரண்டு வளர்க்கிறேன். ஒன்று பீடத்துக்கு, ஒன்று இதற்கு" என்று ஆர்கனைத் தட்டினார். "ஆனால் இவர் அதற்குள் ஊருக்குப் போய்விடுவாரே, யார் உடைப்பது?"

என் மகள் முதலில் ஜெர்மனில் அவருக்குப் பதில் சொன்னாள். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

"நான் ஒடைக்கிறேன். அடுத்த வருஷமும் நான்தானே வாசிக்கணும்."

எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. கையில் இன்னும் அந்தக் குழாய் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குழாயை வாங்கிக்கொண்டு, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"கூட்டுறது மட்டும் எப்பவும் நீதாம்பா. போ, படியில எல்லாரும் வழுக்குறாங்க."